தேதி போடாத சட்டம்

ஜூன் 18, புதன்

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இருபத்திரண்டு ஆண்டுகள். இன்று முதல் எழுதி வைக்கப்போகிறேன். யாருக்கும் காட்டுவதற்கு அல்ல. யார் எதைச் செய்தார்கள் என்பது ஒரு இடத்திலாவது சரியாக இருக்கட்டும்.

அடிமனைக் குடியிருப்போர் பாதுகாப்பு மசோதா இன்று பிற்பகல் மூன்று நாற்பதுக்குப் பேரவையில் நிறைவேறியது. பிறர் நிலத்துக்குத் தரைவாடகை கொடுத்து, அதன்மேல் தம் செலவில் வீடு கட்டி, இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் வாழ்பவர்களை இனி வெளியேற்ற முடியாது. நிலத்தை அரசு மதிப்பில் அவர்களே வாங்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே வெளியேற்ற உத்தரவு வந்திருந்தாலும் அது செல்லாது.

பேரவைத் தலைவர் ஒவ்வொரு பகுதியாக உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லி எண்ண வைத்தார். எங்கள் கட்சி 113. தோழமைக் கட்சியின் நால்வரும் கடைசி வரை மதில்மேல் இருந்துவிட்டு எழுந்து நின்றார்கள். 117. எதிர்க்கட்சிக்கு 116 இருக்க வேண்டும். நாலு பேர் தேநீர் குடிக்கப் போனவர்கள் திரும்பவில்லை. 112. ஒரு ஓட்டில் பிழைக்க வேண்டிய அரசு ஐந்து ஓட்டில் வென்றது. மேசைகளை அப்படித் தட்டினார்கள்.

மசோதாவின் முதல் வரைவு என்னுடையது. பதினோரு மாதம், நாற்பத்திரண்டு பக்கம். சட்டத்துறை அதைத் தன் நடைக்கு மாற்றிக்கொண்டது, எலும்பு என்னுடையது. சட்டக் கல்லூரி விரிவுரையாளர் வேலையை விட்டுவிட்டு இந்தக் கட்சியின் சட்டமன்ற அலுவலகத்துக்கு வந்தபோது எனக்கு முப்பது வயது.

எங்கள் கட்சித் தலைவர் நன்றி சொல்லும்போது கொறடா நல்லசிவத்தைச் சொன்னார், சட்ட அமைச்சரைச் சொன்னார், தோழமைக் கட்சித் தலைவர் பொன்னுரங்கத்தை 'என் இன்னொரு கை' என்றார். பேரவைக் காவலர்களுக்கும் நன்றி சொன்னார். நான் பார்வையாளர் மாடத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கேட்டது, தெரியவில்லை.

வெளியே வந்ததும் கொறடா ஒரு மைசூர்பாகு டப்பாவைக் கையில் திணித்தார். "ஏனுங்க வாத்தியாரே, உங்களுக்குச் சர்க்கரையில்லீங்களா? வீட்டுக்குக் கொண்டு போங்க." கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். திட்டும்போதும் 'ங்க' போடுவார்.

வீட்டில் மனைவி சுகந்தி ஒன்று தின்றுவிட்டு, நெய் போதாது என்றாள்.

ஜூன் 19, வியாழன்

வெறும் வயிற்றில் சர்க்கரை 168. மைசூர்பாகைத் தொடவே இல்லை என்று சொன்னேன். சுகந்தி டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு மூடினாள்.

ஜூன் 23, திங்கள்

ஒரு கட்சிக்குத் தைரியம் வந்துவிட்டதா என்பதை அதன் கதவுகளில் பார்க்கலாம். போன மாதம் வரை கொறடாவின் அறைக் கதவு திறந்தே இருக்கும். தோழமைக் கட்சியின் வட்டச் செயலாளர் வந்தால்கூட எழுந்து நிற்பார். அந்த நால்வரில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அலுவலகத்திலிருந்து ஆப்பிள் போகும். பொன்னுரங்கத்துக்குக் கால்மூட்டு வலி என்று அவருக்காகவே உயரமான நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டிருந்தோம்.

இன்று கதவு சாத்தியிருந்தது. பொன்னுரங்கம் வரவேற்பறையில் ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். உயர நாற்காலியில் யாரோ சுவரொட்டிக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். சோபாவில் புதைந்து உட்கார்ந்து மூட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வாத்தியார், உள்ள யாரு?" என்றார்.

"தெரியலைங்க."

"யாரும் இல்லைன்னு எனக்குத் தெரியும். ஜன்னல் வழியா பார்த்தேன். பேப்பர் படிச்சிட்டிருக்காரு." சிரித்தார். "கல்யாணம் முடியற வரைக்கும்தான் மாப்பிள்ளைத் தோழனுக்கு மரியாதை. பரவாயில்ல, பந்தியிலாவது உக்கார வைப்பாங்களான்னு பார்ப்போம்."

நான் அவருக்குக் காபி சொன்னேன். இந்த அலுவலகத்தில் ஐம்பது நிமிடமல்ல, ஐந்தைந்து ஆண்டுகளாகக் காத்திருந்தவன் நான். ஓர் அரிசி ஆலைக்காரருக்கு என் ஊர்த் தொகுதியைக் கொடுத்தபோது, 'அடுத்த முறை உங்களுக்குத்தான்' என்றார்கள். அடுத்த முறை அவர் மருமகனுக்குக் கொடுத்தார்கள். குத்தகைச் சட்டங்கள் பற்றி நான் எழுதிய சிறுநூல் கொறடாவின் பெயரில் மாநாட்டில் வெளியானது. முன்னுரையில், 'பிழை திருத்தி உதவியவர்' என்று என் பெயர் இருந்தது. அதிலும் ஒரு எழுத்துப் பிழை.

ஜூன் 28, சனி

கட்சி முதன்முறையாக என்னை மேடையேற்றியது. பேச வேண்டிய அமைச்சருக்குப் போக வேண்டிய திருமணம் ஒன்று இருந்தது.

சவுக்குத்தோப்புத் தெரு, வடசென்னை. அறுபத்திரண்டு வீடுகள். முழுத் தெருவும் ஒரே குடும்பத்தின் நிலம். வாரிசு அங்கே அடுக்குமாடி கட்டப்போகிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நீதிமன்றத்தில் வெளியேற்ற உத்தரவு வாங்கிவிட்டார். மேல்முறையீடும் முடிந்துவிட்டது. ஆளை அனுப்பிக் காலி செய்வதுதான் பாக்கி. வரைவில், ஏற்கெனவே பிறந்த உத்தரவுகளும் செல்லாது என்ற பிரிவை நான் சேர்த்ததே இப்படிப்பட்ட தெருக்களை மனத்தில் வைத்துத்தான்.

எங்கள் மகளிரணி வட்ட அமைப்பாளர் ரோஸ்மேரி தான் கூட்டத்தை ஏற்பாடு செய்தது. ஐம்பது வயதுக்குள் இருக்கும். காலையில் இட்லிக் கடை. கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், இறந்து ஏழு ஆண்டு. அதே தெருவில் இரண்டு அறை வீடு, அவர் கட்டியது. மகள் செவிலியர் படிப்பு மூன்றாம் ஆண்டு. மேடையில் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ரோஸ்மேரி சொன்னது: "மந்திரி வரல. மந்திரி வந்தா பேசிட்டுப் போயிடுவாரு. இவரு தான் சட்டத்தையே எழுதுனவரு. சினிமாவுல ஹீரோ பின்னாடி ஆடறவன் மாரி இத்தினி நாளு பின்னாடியே இருந்தாரு. இன்னிக்கு முன்னாடி இஸ்துக்கினு வந்துட்டோம்."

எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு யாரும் இதற்குமுன் அப்படித் தட்டியதில்லை. பன்னிரண்டு நிமிடம் பேசினேன். கடைசியில், "இனி உங்களை இந்த மண்ணிலிருந்து யாரும் அசைக்க முடியாது, இன்று இரவு கதவைத் தாழ் போடாமல் தூங்கலாம்" என்றேன்.

"கொசு வரும் சார்" என்றார் கூட்டத்தில் ஒருவர். நல்ல சிரிப்பு.

பொன்னாடை ஒன்று, இரண்டு பூமாலை. பொன்னாடையைச் சுகந்தி தையல் மிஷினுக்கு உறையாக்கிவிட்டாள்.

ஜூலை 4, வெள்ளி

ஆளுநர் ஒப்புதல் கிடைத்து அரசிதழில் வந்துவிட்டது. பிரதி ஒன்று எடுத்து வைத்துக்கொண்டேன். முதற்பிரிவு, மூன்றாம் உட்பிரிவு: 'இச்சட்டம், அரசு அறிவிக்கை வாயிலாகக் குறிப்பிடும் நாளில் நடைமுறைக்கு வரும்.' அதாவது பேரவை நிறைவேற்றி, ஆளுநர் கையெழுத்திட்டு, அச்சிலும் வந்த பிறகுகூட, அரசு ஒரு தேதியைத் தனியாக அறிவிக்கும் வரை அது சட்டப் புத்தகத்தில் இருக்கும் தாள் மட்டுமே. சட்டத்துறையின் வழக்கமான வரி. பல சட்டங்களில் உண்டு.

மிக்ஸி ஜாரின் ரப்பர் மாற்ற வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

ரோஸ்மேரி அலுவலகத்துக்கு வந்திருந்தார். தூக்குச் சட்டியில் இட்லியும் வடகறியும். இந்த அலுவலகத்தில் எனக்கென்று யாரும் எதையும் கொண்டுவந்ததில்லை என்பதால் அதைக் குறித்து வைக்கிறேன்.

நிலத்துக்காரர் தெருவில் எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்திருக்கிறார். ஜூலை 31க்குள் கையெழுத்திட்டுத் தாமாகக் காலி செய்பவர்களுக்கு, கட்டப்போகும் கட்டடத்தின் பின்பக்கம் ஆளுக்கு ஒரு சிறு வீடு, பத்திரத்தோடு. கட்டி முடியும் வரை வாடகையும் அவரே தருவார். கையெழுத்திடாதவர்கள் உத்தரவுப்படி வெறுங்கையோடு போக வேண்டும். தாளைப் படித்தேன். ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. ஓட்டை இல்லை.

"இன்னா சார் பண்றது?" என்றார். "கொஞ்ச பேரு போட்டுடலாம்ங்கறாங்க. மத்தவங்க, ரோசு இன்னா பண்ணுதோ அதத்தான் நாங்களும்ங்கறாங்க. எனக்குத் தலையே வெடிக்குது. பின்னாடி வூடு, சின்னதுதான். ஆனா வூடு. எம்பொண்ணு போடும்மாங்குது. நீ சொல்லு சார்."

"சட்டம் வந்துவிட்டதே" என்றேன்.

"வந்துச்சா?"

"அரசிதழிலேயே வந்துவிட்டது." பிரதியை எடுத்துக் காட்டினேன். அரசு முத்திரையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்போ கையெழுத்து வேணாம்."

"தேவையில்லை."

தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "பாரு, இந்தத் தாளு சப்பாத்திக்கல்லுக்கு அடியில வைக்கத்தான் லாயக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். தேதி அறிவிப்பு ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். நினைக்கக் காரணம் இருக்கிறது.

வடகறி காரம்.

ஜூலை 17, வியாழன்

செயற்குழு. பதினேழு பேர். தீர்மான ஏடு எழுதுவது என் வேலை. எங்கள் ஏட்டில் ஒரு பழக்கம் உண்டு. எழுதக்கூடாத முடிவு எடுக்கப்பட்டால், 'இப்பொருள் பொதுவாக விவாதிக்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதுவேன். இருபத்திரண்டு ஆண்டு ஏடுகளைப் புரட்டி அந்த வரிகளை மட்டும் தொகுத்தால் கட்சியின் உண்மையான வரலாறு கிடைக்கும்.

ஜூன் 18க்கு முந்தைய செயற்குழுவில் பாதிப் பேர் பேசவே இல்லை. ஆட்சி கவிழுமா என்பது மட்டுமே பேச்சு. இன்று ஒரே நேரத்தில் நால்வர் பேசினார்கள். தேர்தலை ஏழு மாதம் முன்னதாகவே சந்திப்பது. தோழமைக் கட்சிக்குப் போன முறை கொடுத்த பதினோரு தொகுதிக்குப் பதில் மூன்று. ஒத்துக்கொள்ளாவிட்டால் தனித்து நிற்பது. ஒருவர், "அந்த நாலு ஓட்டு இல்லாமப் போயிருந்தா?" என்று கேட்டார். "போகலியேங்க" என்றார் கொறடா. எல்லாரும் சிரித்தார்கள். ஒரு மாதத்துக்கு முன் அதே கேள்வியால் அந்த அறையில் இருந்த யாருக்கும் தூக்கம் வந்ததில்லை.

பிறகு ஆறாவது பொருள். அடிமனைச் சட்டம் நடைமுறைக்கு வரும் தேதி.

கொறடா எழுந்து நின்று பேசவில்லை, உட்கார்ந்தபடியே சொன்னார். "இப்பவே தேதியப் போட்டுட்டோம்னு வைங்க. மக்கள் கைதட்டுவாங்க, வூட்டுக்குப் போவாங்க, ஓட்டுப் போடற அன்னைக்கு மறந்துருவாங்க. தேதி போடாம வெச்சிருந்தா? குடியிருக்கறவன், எப்பங்க எப்பங்கன்னு நம்ம பின்னாலயே வருவான். நிலத்துக்காரன், போடாதீங்க போடாதீங்கன்னு அவனும் வருவான். ஒரே காகிதத்துல ரெண்டு பேரும் நம்ம வாசல்ல. சட்டத்த ஜெயிச்சது பெருசில்லீங்க. ஜெயிச்சத எப்பச் செலவு பண்றதுங்கறதுதான் பெருசு."

தலைவர் தலையசைத்தார். தேர்தலுக்குப் பின் பார்க்கலாம் என்றார்.

நான் ஏட்டில் எழுதினேன்: 'பொருள் ஆறு: இப்பொருள் பொதுவாக விவாதிக்கப்பட்டது.' என் சொந்தக் குறிப்புப் புத்தகத்தில் அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டேன். அது என் பழைய பழக்கம். யாருக்கும் தெரியாது.

கூட்டம் முடிந்ததும் கொறடா தோளில் கைபோட்டு நடந்தார். "வாத்தியாரே, இந்தத் தடவ உங்க பேரு பட்டியல்ல இருக்குதுங்க. தலைவரே சொன்னாரு. அந்த ஒரு வரிய நீங்க சேர்த்துக் குடுக்கலீன்னா இன்னைக்கு இந்த வசதியெல்லாம் நமக்கு ஏதுங்க?"

ஜூலை 18, வெள்ளி

நேற்றைய குறிப்பின் கடைசி வாக்கியத்தை அடிக்கலாம் என்று பார்த்தேன். அடித்தாலும் படிக்க முடிகிறது. விட்டுவிட்டேன்.

விவரத்துக்காக எழுதுகிறேன். என் முதல் வரைவில், 'உடனடியாக நடைமுறைக்கு வரும்' என்றுதான் இருந்தது. மசோதா அறிமுகமாவதற்கு முந்தைய நாள் மாலை கொறடா என் மேசைக்கு வந்து, தோழமைக் கட்சியில் ஒருவர் நிலத்துக்காரர் என்றும், உடனடியாக என்று இருந்தால் எழுந்து நிற்கமாட்டார் என்றும் சொன்னார். "உங்களாட்டம் ஆளு வேற யாருங்க இருக்காங்க? சட்டத்துறையில கேட்டா நாலு நாள் ஆக்குவான்" என்றார். பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டு, 'அரசு குறிப்பிடும் நாளில்' என்று எழுதிக் கொடுத்தேன். நாலு நிமிடம். ஒரு மசோதாவைக் காப்பாற்ற யாரும் செய்வதுதான்.

ஜூலை 30, புதன்

தோழமைக் கட்சி விலகிவிட்டது. பொன்னுரங்கம் தொலைக்காட்சியில், "நாங்கள் எழுந்து நின்றதால் வென்றவர்கள் எங்களை உட்காரச் சொல்லக்கூட மறந்துவிட்டார்கள்" என்றார். அலுவலகத்தில் அதைப் போட்டுப் போட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். இளைஞரணியினர் உயர நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். சட்டமன்றம் எப்படியும் கலையப்போகிறது, அந்த நால்வர் இனித் தேவையில்லை.

ரோஸ்மேரியின் எண் என் கைபேசியில் இருக்கிறது. நாளை கடைசி நாள்.

ஜூலை 31, வியாழன்

தண்ணீர் லாரி வரவில்லை. மூன்று முறை தொலைபேசியில் கேட்டேன். மாலையில் சுகந்தி பாடம் நடத்தும் பள்ளிக்குப் போய் அவளை அழைத்துவந்தேன். மழை. வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

பேரவை நூலகத்தில் சம்பந்தமூர்த்தியைப் பார்த்தேன். எதிர்க்கட்சி அலுவலகத்தில் நான் பார்க்கும் அதே வேலையைப் பார்ப்பவர். இருபது ஆண்டுப் பழக்கம். அவருக்கும் தொகுதி கிடைத்ததில்லை. அவர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொள்வார். அது எனக்குப் பிடிக்காது.

தோல்விக்குப் பின் முதல் இரண்டு வாரம் அவர்கள் கட்சியில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லையாம். தேநீர் குடிக்கப்போன நால்வரை நீக்கினார்கள். பிறகு தெளிந்துவிட்டார்கள். இப்போது அவர்களுடைய கூட்டங்களில் அந்தச் சட்டத்தைப் பாராட்டுகிறார்கள், 'எங்கள் ஆட்சியில் இன்னும் சிறப்பாக' என்கிறார்கள்.

"எங்க சட்டத்துக்குத் தேதி போடலையே, தெரியுமா?" என்றேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"உங்க சட்டமா, எங்க சட்டமா?" என்றார். "எங்க வக்கீல் அரசிதழ் வந்த அன்னைக்கே சொல்லிட்டார்யா. எங்காளுங்க, சும்மா இருன்னு வாயில விரல வெச்சுட்டாங்க. நாங்க கேட்டா நீங்க போட்டுடுவீங்க. போட்டுட்டா நல்ல பேர் உங்களுக்கு. எங்களுக்கு நிதி குடுக்கற நிலத்துக்காரங்க எங்க மேலயும் பாய்வாங்க. நாங்க வந்தா இந்தச் சாவி எங்க கையில இருக்கும். உங்களுக்கும் வேணாம், எங்களுக்கும் வேணாம். இந்தப் பேரவையில ரெண்டு பக்கமும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்யா."

அவர் நூலகத்திலிருந்து பழைய தேர்தல் முடிவுகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நிலத்துக்காரர் நீதிமன்றத்தில் காலி செய்யும் ஆணை கேட்டிருக்கிறார். தெருவின் வழக்கறிஞர் ஷமீமா புதிய சட்டத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே வரியில், அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். அரசு வழக்கறிஞர், நிர்வாகக் காரணங்களால் தாமதம் என்றார். நீதிபதி, இல்லாத சட்டத்தின்மேல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றார்.

செப்டம்பர் 11, வியாழன் காலை பத்து மணிக்கு நீதிமன்ற அமீனா போலீசோடு வருவார். அறுபத்திரண்டில் பத்தொன்பது பேர் ஜூலையிலேயே கையெழுத்திட்டுப் போய்விட்டார்கள். மீதி நாற்பத்து மூன்று.

இதையெல்லாம் மாலை நாளிதழில் ஐந்தாம் பக்கத்தில் படித்தேன். ரோஸ்மேரி என்னோடு தொலைபேசியில் பேசவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஷமீமாவும் ரோஸ்மேரியும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். சுகந்தி கடலைப்பருப்பு ஊறப்போட்டிருந்தாள். வடை தட்டிக் கொடுத்தாள்.

ஷமீமாவுக்கு முப்பது வயது இருக்கும். சுற்றிவளைக்கவில்லை.

"சார், ஜூலை பதினேழு செயற்குழுவுல நீங்க இருந்தீங்க. தேதிய வேணும்னே தேர்தல் வரைக்கும் தள்ளி வைக்கறதா முடிவு எடுத்தாங்களா?"

"தீர்மான ஏட்டில் அப்படி ஒன்றும் இல்லை."

"ஏட்ட நான் கேட்கல சார்."

வடைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். அவரே தொடர்ந்தார். "உயர் நீதிமன்றத்துல ரிட் மனு போடறேன். தேதி போடுன்னு அரசாங்கத்துக்கு உத்தரவு கிடைக்கும்னு சொல்லமாட்டேன். ஆனா நிர்வாகக் காரணம்னு சொன்னது பொய்னு காட்டினா, ரெண்டு வாரம் தடை கிடைக்கும். தேர்தல் அறிவிச்ச பிறகு அந்தத் தெருவ இடிக்க எந்தக் கட்சியும் விடாது. ரெண்டு வாரம் போதும். அதுக்கு அந்த ரூம்ல இருந்த ஒருத்தரோட பிரமாணப் பத்திரம் வேணும். பேரோட, கையெழுத்தோட. பேரில்லாத காகிதம்னா ஜட்ஜ் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார். புதன்கிழமை காலைக்குள்ள."

"பட்டியல் வெள்ளிக்கிழமை வருகிறது" என்றேன்.

"என்ன பட்டியல் சார்?"

நான் அதைச் சொல்லியிருக்கக்கூடாது. வேட்பாளர் பட்டியல் என்றேன். ஷமீமா தன் குறிப்பேட்டை மூடினார். புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

ரோஸ்மேரி வடையைத் தொடவில்லை. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "கையெழுத்து போட்டுட்டுப் போன பத்தொம்பது பேரும் எங்கள பாத்து சிரிக்கல சார். சாமான் தூக்கறதுக்கு வரட்டுமான்னு கேக்கறாங்க. அதான் தாங்கல." பிறகு, "தெரு சங்கத்துல என்னாண்ட கேட்டாங்க, யாரு சொல்லிப் போடலன்னு. நானாத்தான் முடிவு பண்ணேன்னு சொல்லிக்கினேன். உம்பேரு யாருக்கும் தெரியாது. அதுக்குப் பயப்படாத."

அதுவரை அந்தக் கவலை எனக்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவர்கள் தெருமுனை திரும்பும் வரை நின்றேன்.

செப்டம்பர் 8, திங்கள்

கொறடாவின் கதவைத் தட்டினேன். இருபது நிமிடம் காக்க வைத்தார். ஒரே ஒரு தெருவுக்காகவாவது தேதியை அறிவிக்க முடியுமா என்று கேட்டேன்.

"ஒரு தெருவுக்குச் சட்டம் போட முடியுங்களா? நீங்கதானுங்க சட்டம் படிச்சவரு."

"நாற்பத்து மூன்று குடும்பம். நம் வட்ட அமைப்பாளர் வீடும் இருக்கிறது."

"இருக்கட்டுமுங்க. இடிச்சா என்னங்க ஆகும்? தொலைக்காட்சில வரும். இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தா இப்படி ஆகுமா, எங்களுக்கே ஓட்டுப் போடுங்க, வந்ததும் தேதி போடறோம்னு தலைவர் அங்கயே நின்னு சொல்லுவாரு. அந்த ஒரு தெரு நமக்கு நாப்பது தொகுதி." பிறகு நாட்காட்டியைப் பார்த்தார். "வாத்தியாரே, வெள்ளிக்கிழமைக்கு நாலே நாளு. இருவத்திரண்டு வருசம் இருந்துட்டீங்க. நாலு நாள் இருக்க முடியாதுங்களா?"

எந்தத் தொகுதி என்று கேட்டேன். சொன்னார். எங்கள் கட்சி அங்கே இரண்டு முறை வைப்புத்தொகை இழந்திருக்கிறது.

"இந்த அலையில கல்லும் மிதக்குமுங்க" என்றார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். காலையில் ஷமீமா இரண்டு முறை அழைத்தார். மூன்றாவது முறை ஒரு குறுஞ்செய்தி: 'பத்திரம் தயாராக இருக்கிறது. கையெழுத்து மட்டும் போதும். எங்கே வேண்டுமானாலும் வருகிறேன்.'

சுகந்தி பள்ளிக்குக் கிளம்பும்போது கேட்டாள். "கையெழுத்து போட்டா என்னங்க ஆகும்?"

"தொகுதி போகும். வேலையும் போகும்."

"போடலன்னா?"

நான் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பையை மாட்டிக்கொண்டாள். "இட்லி மாவு இல்ல, வாங்கி வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். வழக்கமாக வாசலில் போய்வருகிறேன் என்பாள். இன்று சொல்லவில்லை.

பகல் முழுக்க உட்கார்ந்து இந்தக் குறிப்புகளைத் தட்டச்சு செய்தேன். ஒரு நாளிதழ் ஆசிரியருக்கு அனுப்புவதற்காக. ஜூலை 17 முழுமையாக இருக்கிறது. கொறடா பேசியது சொல் மாறாமல். தோழமைக் கட்சியை வெளியே உட்கார வைத்தது, சம்பந்தமூர்த்தி சொன்னது அவர் பெயர் இல்லாமல், எல்லாம் சேர்த்தேன். வெற்றி ஒரு கட்சியை என்ன செய்கிறது, தோல்வி இன்னொன்றை என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் இருக்க முடியாது. ஜூலை 17இன் கடைசிப் பத்தியை எடுத்துவிட்டேன். ஜூலை 18, ஜூன் 28, ஜூலை 10, செப்டம்பர் 7, 8 இவற்றையும் சேர்க்கவில்லை. அவை தனிப்பட்டவை, விஷயத்துக்குத் தேவையில்லை. மொத்தம் ஒன்பது பக்கம்.

இதை எழுதியவர் யார் என்று கொறடா யோசிப்பார். செயற்குழுவில் பதினேழு பேர். அதில் தொகுதி கிடைக்காத கோபத்தில் இருப்பவர்கள் நாலைந்து பேர். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் அந்தக் கணக்கில் வரமாட்டேன்.

தபாலில் போனால் ஆசிரியர் கைக்கு வெள்ளி அல்லது சனிக்கிழமை சேரும். அவர்கள் விசாரித்து வெளியிட ஒரு வாரமாகும். வியாழக்கிழமை பத்து மணி என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு தெருவைவிடப் பெரிய விஷயம் இது. மாநிலம் முழுக்க இப்படி எத்தனையோ தெருக்கள். உண்மை எப்போது வெளிவந்தாலும் உண்மைதான். கையெழுத்திட்டால் அதை ஒரு மனக்கசப்புக்காரனின் பழிவாங்கல் என்று ஒதுக்கிவிடுவார்கள். கையெழுத்து இல்லாவிட்டால் விஷயத்தைப் பார்ப்பார்கள். இதை நான் நன்றாக யோசித்துவிட்டேன்.

உறையில் முகவரியை இடது கையால் எழுதினேன். நாளைக் காலை, எங்கள் பகுதித் தபால்பெட்டியில் அல்ல, எழும்பூரில் போடுவதாக இருக்கிறேன். ஒன்பதாம் பக்கத்தின் அடியில் நாலு விரற்கடை இடம் வெறுமையாக இருக்கிறது. அப்படியே இருக்கட்டும். பெயரில்லாமலே அனுப்புகிறேன்.